வெந்நீர்க் குழாயில் காற்று

போன வாரம் யார்டிலிருந்து சங்கீதா போன் செய்தாள். நான் வேலையை விட்டபோது என் இடத்துக்கு வந்தவள். என்னை நேரில் இரண்டு முறைதான் பார்த்திருப்பாள். ஆனால் நான் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு, ஒவ்வொரு கேரவனிலும் ஹீட்டர் கதவின் உள்பக்கம் ஒட்டிய அட்டையைத் தினமும் பார்க்கிறாள்.

"அக்கா, ஒரு டவுட்டு. கார்டுல பதினோரு லைன் டைப் பண்ணியிருக்குது. பன்னெண்டாவது மட்டும் பேனாவுல எழுதியிருக்குது. எல்லா வண்டியிலயும் அப்டியே. ஏன்க்கா?"

"அது அப்புறமா சேத்ததும்மா."

"அது தெரியுதுக்கா. ஃபில்டர போர் தண்ணியில கழுவாதே, வெயில்ல காயவைக்காதேன்னு இருக்குது. ஏன்னுதான் கேக்கறேன். ஃபிலோ அக்காவ கேட்டா, எழுதுனவளையே கேளுன்னு போயிட்டாங்க."

போனில் சொல்லி முடிகிற சங்கதி இல்லை. எழுதி அனுப்புகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தால், அந்த ஒரு வரிக்கு முன்னால் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது.

எனக்கு முப்பத்துநான்கு வயது. பணி ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. இதைச் சொல்லி யாரும் சிரிக்காமல் இருந்ததில்லை. இடுப்புக்கு மேலே ஒரு டிஸ்க் பிதுங்கிவிட்டது. குனிந்தும், படுத்தும், உடம்பை முறுக்கியும் செய்கிற வேலை இனிக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். நான் ஒன்பது வருடம் செய்தது அந்த மூன்றைத்தான்.

எங்கள் யார்டு கீழ்புத்துப்பட்டு தாண்டி மரக்காணம் போகிற வழியில், ஈ.சி.ஆரை ஒட்டி இருக்கிறது. கேரவன் வாடகைக்கு விடுகிற இடம். வண்டிகள் சில நாள் ஷூட்டிங்குக்குப் போகும். சில நாள், கடற்கரையில் தங்க ஆசைப்படுகிற குடும்பங்களுக்குப் போகும். உள்ளே ஒரு கட்டில், சின்ன சமையல் மேடை, ஒரு ஆள் திரும்ப முடிகிற குளியலறை. சர்வீஸ் வேலைக்குப் பெண்களை எடுத்தது பெண்கள் மேல் இருந்த மதிப்பால் இல்லை. நடிகை உள்ளே இருக்கும்போது ஆண் மெக்கானிக் கதவைத் தட்டினால் வீண் பேச்சு வருகிறது, அதனால்தான். எதற்காக எடுத்தார்களோ, மெக்கானிக்கல் டிப்ளமாவை வைத்துக்கொண்டு மூன்று வருடம் ஜெராக்ஸ் கடையில் நின்ற எனக்கு அது போதுமாக இருந்தது.

முதல் ஆறு மாதம் ஹோஸ் சுருட்டினேன், கழிவுத் தொட்டி கழுவினேன், ஸ்பேனரைக் கண்ணால் பார்க்காமல் சைஸ் சொல்லக் கற்றேன். பிறகு வெந்நீர் வேலைக்கு விட்டார்கள்.

கேரவனின் தரைக்கு அடியில் தண்ணீர் டேங்க் இருக்கும். கட்டிலுக்கு அடியில் உள்ள சின்ன பம்ப் அந்தத் தண்ணீரை மேலே உறிஞ்சித் தள்ளும். அது இரண்டாகப் பிரிந்து, ஒரு பங்கு நேராகப் பச்சைத் தண்ணீர்க் குழாய்க்கும், இன்னொரு பங்கு ஹீட்டர் வழியாக வெந்நீர்க் குழாய்க்கும் போகும். டேங்க் ஒருமுறை காலியாகிவிட்டால் பம்ப் காற்றை உறிஞ்சிவிடும். அந்தக் காற்று ஹீட்டரிலும், வெந்நீர்க் குழாய் மேடாக ஏறி இறங்குகிற இடத்திலும் போய் உட்கார்ந்துகொள்ளும். அதன்பின் குழாயைத் திறந்தால் மூன்றில் ஒன்று நடக்கும். ஒன்று, எதுவுமே வராது. இரண்டு, இருமி இருமித் துப்பும். மூன்று, நன்றாக வந்துகொண்டிருக்கும்போதே திடீரென்று நின்று, அடுத்த நொடி கொதிக்கிற தண்ணீரைப் பீய்ச்சும். எங்களுக்கு பயம் மூன்றாவதில்தான்.

காற்றை வெளியேற்றுவது சொல்லக் கேட்டால் எளிது. ஹீட்டரை அணைத்து ஆறவிட வேண்டும். டேங்க்கை நிரப்ப வேண்டும். பம்ப்பிலிருந்து அதிக தூரத்தில் இருக்கிற வெந்நீர்க் குழாயை முதலில் திறந்துவிட்டுப் பம்ப்பைப் போட வேண்டும். பெரிய இருமல் வரும், பிறகு சின்ன இருமல், பிறகு ஒரு சீறல். எல்லாம் அடங்கி, தண்ணீர் கண்ணாடிக் கம்பி மாதிரி விழும்போது பம்ப்பின் குரல் கொஞ்சம் இறங்கும். அப்போது மூடிவிட்டு அடுத்த குழாய். கடைசியில் கைஷவர், அதைத் தரையோடு தாழ்த்திப் பிடித்து. எல்லாவற்றையும் மூடியதும் பம்ப் தானாக நிற்க வேண்டும். நிற்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

பம்ப்பின் குரல் இறங்குகிற அந்த இடம் எனக்கு இப்போதும் காதில் இருக்கிறது. இன்றைக்குப் புதுச்சேரியில் ஒரு பம்ப் கம்பெனியில் போன் எடுக்கிற வேலை பார்க்கிறேன். "மேடம், காத்து புடிச்சிருக்குது" என்று யாராவது சொல்லும்போது கை தானாக டார்ச்சைத் தேடுகிறது. மேஜையில் இருப்பது பேனா.

எங்கள் இன்சார்ஜ் பெயர் ஃபிலோமினா. எல்லாருக்கும் ஃபிலோ அக்கா. அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். அதற்கு முன்னால் ஒரு ஆஸ்பத்திரியில் மெயின்டனன்ஸ் பார்த்தவர். திட்ட மாட்டார். தப்பு செய்தவளிடம் தன் டார்ச்சைக் கொடுத்து, "பாத்துட்டு வா, நான் வெளிய நிக்கறேன்" என்பார். வெளியே நின்று கடலைப் பார்ப்பார். அந்தப் பத்து நிமிடத்துக்குத் திட்டே மேல் என்று தோன்றும்.

இன்னொரு பழக்கமும் உண்டு. "ஆயிடுச்சு" என்ற வார்த்தையை அவர் சொல்லிக் கேட்டதில்லை. வேலை முடிந்ததும் ஹீட்டரைப் போட்டுச் சூடாக்கி, கைஷவரைத் திறந்து, முழங்கைக்கு உள்பக்கத்தைத் தண்ணீரில் காட்டிக்கொண்டு கண்ணை மூடி நிற்பார். ஹீட்டரில் இருக்கிற மொத்த வெந்நீரும் தீர்ந்து பச்சைத் தண்ணீர் வருகிறவரை நிற்பார். நடுவில் ஒரே ஒரு துப்பல் இருந்தாலும் மறுபடி முதலிலிருந்து.

"உள்ளங்கைய காட்டினா போதாதாக்கா?" என்று ஆரம்பத்தில் கேட்டேன்.

"உன் உள்ளங்கை ஸ்பேனர் புடிச்ச கை. குளிக்கறவங்க முதுகு அப்டி இருக்காதுல்ல?"

முதல் வருடமே ஒரு முட்டாள்தனம் செய்தேன். காற்று கெட்டது என்று கற்றுக்கொண்டதால், ஹீட்டரின் சேஃப்டி வால்வைத் தூக்கி, ஹீட்டருக்குள் மேல்பக்கம் இருந்த காற்றையும் சுத்தமாக எடுத்துவிட்டேன். சூடாக ஆரம்பித்ததும் வால்வு சொட்டத் தொடங்கியது. ஃபிலோ அக்கா வந்து பார்த்தார். "தண்ணி சூடானா வீங்கும். மேல நாலு வெரல் காத்து இருந்தாத்தான் வீங்க எடம் கெடைக்கும். அதையும் புடுங்கிட்டா எங்க போவும்?" அன்றைக்குத்தான் இரண்டு காற்று உண்டு என்று தெரிந்தது. குழாயில் இருப்பதை எடுக்க வேண்டும். ஹீட்டர் தலையில் இருப்பதை விட வேண்டும்.

இரண்டாவது தப்பு, இந்தக் கரையில் வேலை செய்கிறவர்கள் மட்டுமே செய்யக்கூடியது. வண்டியோடு வந்த புத்தகத்தில் பைபாஸ் வால்வு என்று ஒன்றைப் பற்றி எழுதியிருக்கும். அதைத் திருப்பினால் தண்ணீர் ஹீட்டருக்குள் போகாமல் சுற்றிக்கொண்டு போகும். பனி உறைகிற ஊர்க்காரர்களுக்காக வைத்தது. எங்களுக்குப் பனி இல்லை, உப்பு உண்டு. மரக்காணம் உப்பளத்தில் ஷூட்டிங் நடக்கும்போது நல்ல தண்ணீர் லாரி வராவிட்டால், போர் தண்ணீரை ஏற்றுவோம். அந்த உப்பு ஹீட்டரை அரித்துவிடும் என்று, ஹீட்டரை வடித்துக் காலி செய்து, பைபாஸைத் திருப்பிவிடுவோம். திரும்பி வந்ததும் பழையபடி வைக்க வேண்டும். நான் வைக்கவில்லை. அடுத்த ஷூட்டிங்கில், உப்பளக் காட்சிக்காக முகம் கழுத்தெல்லாம் சேறு பூசியிருந்த நடிகை குளிக்க வந்தபோது, தண்ணீரே இல்லாத ஹீட்டர் காய்ந்து எரிந்து போயிருந்தது.

"வெந்நி வருமா, இல்ல இப்டியே நான் வீட்டுக்குப் போனா என் புருஷனுக்கு அடையாளம் தெரியுமா?" என்று கேட்டார். நல்லவர். மெஸ்ஸிலிருந்து ஒரு குண்டான் வெந்நீர் வாங்கிக் கொடுத்துச் சமாளித்தோம்.

அந்த வாரம்தான் அட்டை எழுதினேன். எனக்கு எதையும் வரிசையாக எழுதிவைத்தால்தான் தூக்கம் வரும். ஃபிலோ அக்கா படித்துப் பார்த்தார்.

"உன் கல்யாணத்துலயும் இப்டித்தான் லிஸ்ட் போட்டு, தாலி கட்டினதும் டிக் அடிப்ப."

"சரியா இருக்குதாக்கா?"

"இருக்குது. கீழ கொஞ்சம் எடம் விட்டு ஒட்டு."

ஆறு வருடம் அந்த இடம் காலியாகவே இருந்தது. அதில் எனக்கு உள்ளூரப் பெருமை.

இனி நான் கையால் செய்த கடைசி வேலை.

ஒரு மார்கழி மாதம். ஏழாம் நம்பர் வண்டியைத் திண்டிவனத்திலிருந்து ஒரு குடும்பம் எடுத்திருந்தது. வண்டியை மரக்காணம் தாண்டி ஒரு சவுக்குத் தோப்பில் நிறுத்தியிருந்தார்கள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் உப்பளம், இந்தப் பக்கம் கடல். காலை ஒன்பது மணிக்கு டிரைவர் அந்தோணி அண்ணன் யார்டுக்குப் போன் செய்து, வெந்நீர் துப்புகிறது என்றார். நானும் ஃபிலோ அக்காவும் ஸ்கூட்டரில் போனோம்.

வண்டிக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் சால்வை போர்த்தி உட்கார்ந்திருந்தார். பெயர் ராஜேஸ்வரி. இரண்டு கைகளும் மடியில் இருந்தன. விரல்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து வளைந்திருந்தன. முடக்குவாதம். பக்கத்தில் நின்றவர் செல்வி, அவருடைய தம்பி மனைவி.

"வாங்க இன்ஜினியரம்மா. உங்க வண்டிக்கு இருமல்" என்றார் ராஜேஸ்வரி.

"எப்போலேர்ந்துங்க?" என்று ஃபிலோ அக்கா கேட்டார்.

"காலையிலேர்ந்து. நல்லா வரும், திடீர்னு சூடா துப்புது. இவ உடனே என்ன வெளிய இழுத்துட்டா."

"பின்ன? வெந்து போறதுக்கா கூட்டிட்டு வந்தோம்?" என்றார் செல்வி.

அந்தோணி அண்ணன் சும்மா இருக்கவில்லை. "ஒரு குண்டான் தண்ணி காய வச்சு ஊத்தினா முடிஞ்சுது. இதுக்குப் போய் யார்டுலேர்ந்து ரெண்டு பேரு."

"ஊத்தறதுக்கு எங்க வீட்லயே ஆளு இருக்குதுப்பா" என்றார் ராஜேஸ்வரி. "ஆறு வருஷமா ஊத்திக்கிட்டுதான் இருக்கா. மாட்ட குளிப்பாட்டற மாதிரி."

"ஆமா, அண்ணி ஒதைக்கறதும் அப்டித்தான்."

இருவரும் சிரித்தார்கள். பிறகு ராஜேஸ்வரி எங்களைப் பார்த்துச் சொன்னார். மக்கைப் பிடிக்க அவருக்கு விரல் மடங்காது. தூக்க தோள் வராது. பச்சைத் தண்ணீர் பட்டால் மூட்டெல்லாம் குத்தும். இந்த வண்டியில் உட்கார்ந்து குளிக்க இருக்கை இருக்கிறது, மணிக்கட்டால் தள்ளினால் திறக்கிற லீவர் குழாய் இருக்கிறது, ஷவர் கம்பியில் மாட்டியிருக்கிறது என்று கேள்விப்பட்டுத்தான் தம்பியை நச்சரித்து இதை எடுக்கவைத்தார். "கடல பாக்கறதுக்கு இல்லீங்க. கடல் எங்க போயிடப் போவுது? ஒரு தடவ கதவ சாத்திக்கிட்டு நானே குளிக்கணும். நாளைக்கு விடியகாத்தால கெளம்பிடுவோம்."

அந்த இருக்கையும் லீவரும் ஏழாம் நம்பரில் மட்டும்தான் உண்டு. வேறு வண்டி கொண்டுவந்து பிரயோசனமில்லை.

வேலை தொடங்கியது. அட்டையில் உள்ளபடி முழுச் சுற்று ஒன்று செய்தேன். சூடாக்கிப் பார்த்தால், ஆறாவது நிமிடத்தில் துப்பியது. சக்கரத்துக்கு மேல் ஏறி இறங்குகிற குழாயில் காற்று மாட்டியிருக்கும் என்று நினைத்து, எதிர்த்திசையில் தள்ளினோம். ஹீட்டர் பக்கத்தை மூடிவிட்டு, ஃபிலோ அக்கா கைஷவரின் வாயைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு, பச்சைத் தண்ணீரும் வெந்நீரும் கலக்கும்படி லீவரை நடுவில் வைத்தார். நான் கட்டிலுக்கு அடியில் பக்கவாட்டில் படுத்து, வெந்நீர்க் குழாயின் வடிகால் திருகைத் திறந்தேன். பச்சைத் தண்ணீர் வெந்நீர்க் குழாய்க்குள் பின்பக்கமாகப் பாய்ந்து, காற்றைக் கீழே தள்ளியது. குபுகுபுவென்று வந்தது. சந்தோஷமாக இருந்தது.

வெளியே ஊர்ந்து வரும்போது இடுப்பிலிருந்து கால்வரை ஒரு கம்பி இழுத்தது. அது புதிதில்லை. நான்கு மாதமாக இருந்தது. யாருக்கும் சொல்லாமல் நான் வைத்திருந்தவை: சட்டைக்குள் ஒரு பெல்ட், பையில் மாத்திரை, படுத்த இடத்திலிருந்து எழுந்திருக்க யாரும் பார்க்காத ஒரு முறை. சொன்னால் வேலை போய்விடும் என்று தெரியும்.

மறுபடி சூடாக்கினோம். ஃபிலோ அக்கா கையை நீட்டிக்கொண்டு நின்றார். எட்டு நிமிடம் ஆகியிருக்கும், யார்டிலிருந்து போன். தோப்புக்குள் சிக்னல் இல்லை. "நான் வர்ற வரைக்கும் நீ பாத்துக்கிட்டே இரு" என்று கைஷவரை என்னிடம் கொடுத்துவிட்டு ரோட்டுப் பக்கம் போனார்.

குனிந்து கையை நீட்டிக்கொண்டு நின்றேன். ஒன்பது. பத்து. பதினொன்று. துப்பவில்லை. வெந்நீர் இன்னும் தீரவில்லை. இடுப்பு முழுக்க நெருப்பாக இருந்தது. மூடினேன். வெளியே போய், "ஆயிடுச்சுங்க, குளிக்கலாம்" என்றேன்.

அந்த வார்த்தையை நான் சொன்னேன்.

செல்வி அவரை உள்ளே கொண்டுபோய் இருக்கையில் உட்காரவைத்துவிட்டு வந்து கதவைச் சாத்தினார். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. ராஜேஸ்வரி உள்ளே ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது, பாட்டு மாதிரி இருந்தது. பிறகு தண்ணீர் நின்றது. ஒரு இருமல். உடனே, "அய்யோ!"

செல்வி பாய்ந்து போனார். ராஜேஸ்வரியின் வலது தோளுக்குக் கீழே ஒரு ரூபாய் அகலத்துக்குச் சிவந்திருந்தது. நமக்கென்றால் சட்டென்று விலகியிருப்போம். அவரால் உடனே விலகவும் முடியவில்லை, லீவரைத் தள்ளவும் முடியவில்லை.

ஃபிலோ அக்கா ஓடி வந்தார். காயத்தைப் பார்த்தார், பச்சைத் தண்ணீர் விட்டார், முதலுதவிப் பெட்டியில் இருந்த மருந்தைத் தடவினார். எல்லாம் முடிந்த பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"யாரு சொன்னது ஆயிடுச்சுன்னு?"

"நான்தாங்க்கா."

அவர் ராஜேஸ்வரியிடம் திரும்பினார். "தப்பு எங்களுதுங்க. முழுசா பாக்காம உங்கள உள்ள விட்டுட்டோம். நீங்க வேணாம்னு சொன்னா இதோட நிறுத்திக்கலாம்."

"போதும் அண்ணி" என்றார் செல்வி. கண்ணில் தண்ணீர் நின்றது. "நான் தண்ணி காயவைக்கறேன். நானே ஊத்தறேன்."

"நீ ஊத்தாத." ராஜேஸ்வரி செல்வியைப் பார்க்காமல் சொன்னார். பிறகு எங்களிடம், "ரெண்டு நிமிஷம் குளிச்சேங்க. ரெண்டே நிமிஷம். இன்னும் வெளிச்சம் இருக்குது. மறுபடி பாருங்க" என்றார்.

ஃபிலோ அக்கா வண்டிக்குள் வந்து, சமையல் மேடையில் இருந்த கண்ணாடி டம்ளரை எடுத்தார்.

"பச்சத் தண்ணிய பாத்தியா?"

பார்க்கவில்லை. வெந்நீர்க் குழாயில் காற்று என்று புகார் வந்தால் வெந்நீர்க் குழாயைத்தான் பார்ப்போம். என் அட்டையிலும் அப்படித்தான் இருந்தது. அவர் பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்து சில நிமிடம் ஓடவிட்டு டம்ளரில் பிடித்தார். தண்ணீர் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடியிலிருந்து மெல்ல மெல்லத் தெளிந்தது. அத்தனையும் பொடிப்பொடிக் காற்று.

காற்று குழாயில் மாட்டியிருக்கவில்லை. புதிதாக உள்ளே வந்துகொண்டே இருந்தது. நாங்கள் வெளியேற்ற வெளியேற்ற, பம்ப்புக்கு முன்னால் எங்கேயோ ஓர் ஓட்டை வழியாகப் பம்ப் அதை உறிஞ்சிக்கொண்டிருந்தது. ஹீட்டரில் அது சேர்ந்து சேர்ந்து, நிறைந்தபோதெல்லாம் துப்பியது. டேங்க் கீழே, பம்ப் மேலே. அதனால் அந்த ஓட்டையில் தண்ணீர் ஒரு சொட்டுக்கூட வெளியே கசியாது, காற்று மட்டும் உள்ளே போகும்.

ஃபிலோ அக்கா தன் டார்ச்சை என்னிடம் நீட்டினார். ஆனால் வெளியே போகவில்லை. கட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

மறுபடி கட்டிலுக்கு அடியில் போனேன். பம்ப்புக்கு முன்னால், தண்ணீரில் உள்ள தூசியைப் பிடிக்க ஒரு சின்ன ஃபில்டர் உண்டு. அதன் கிண்ணம் கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற பிளாஸ்டிக். "பம்ப்ப போடுங்கக்கா" என்றேன். டார்ச் வெளிச்சத்தில், கிண்ணத்தின் விளிம்பிலிருந்து குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே போவது தெரிந்தது. கோர்த்த மணி மாதிரி இருந்தது.

கிண்ணத்தைக் கழற்றினேன். அதைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அந்த வளையத்துக்கு அடியில் நான்கைந்து வெள்ளைப் பொடிகள். நகத்தால் எடுத்து நாக்கில் வைத்தேன். வைக்கும் முன்பே தெரிந்துவிட்டது.

மூன்று நாளைக்கு முன் ஏழாம் நம்பர் உப்பளத்து ஷூட்டிங்கிலிருந்து வந்தது. ஃபில்டரைக் கழற்றிக் கழுவியவள் நான். கையருகில் ஒரு வாளியில் போர் தண்ணீர் இருந்தது. அதில் கழுவி, பளிச்சென்று காயட்டும் என்று பம்பரின் மேல் வெயிலில் வைத்தேன். மத்தியானம் எடுத்து மாட்டினேன். டிக் அடித்தேன். வேறு ஊரில் அப்படிச் செய்தால் சுத்தம். இங்கே, ரோட்டுக்கு அந்தப் பக்கம் பாத்தி பாத்தியாக என்ன செய்கிறார்களோ, அதையே நான் அந்தக் கிண்ணத்தில் செய்திருந்தேன். உப்புத் தண்ணீரை வெயிலில் காயவைத்து, உப்பு விளைவித்திருந்தேன்.

"அக்கா, இது நான் செஞ்சது" என்று படுத்தபடியே சொன்னேன். எல்லாம் சொன்னேன். வாளி, பம்பர், டிக்.

"சரி. குடிக்கற தண்ணி கேன் தர்றேன். அதுல அலசு."

நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசினேன். துப்பட்டா நுனியால் வளையத்தையும் பள்ளத்தையும் துடைத்தேன். வளையத்தில் விரல் நுனியால் சிலிக்கான் கிரீஸ் தடவி, திருகி மூடினேன். பம்ப் ஓடியது. டார்ச்சை விளிம்பிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு குமிழிகூட இல்லை.

"பாத்துட்டேங்க்கா" என்றேன். "ஆயிடுச்சு" என்று சொல்லவில்லை.

வெளியே வரப் பார்த்தேன். வர முடியவில்லை. இடது கால் எனக்குச் சொந்தமில்லாத மாதிரி கிடந்தது. ஃபிலோ அக்கா கட்டிலைக் கம்பியில் நிறுத்திவிட்டு மண்டியிட்டுப் பார்த்தார். என் சட்டை மேலே ஏறி, பெல்ட் தெரிந்தது.

"எப்போலேர்ந்து?"

"நாலு மாசமாக்கா."

"உன் லிஸ்ட்ல இது எந்த லைன்ல இருந்துது?"

அவர் என் அக்குளுக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்து, ஆஸ்பத்திரியில் பார்த்த பழக்கமோ என்னவோ, வலிக்காமல் இழுத்து வெளியே எடுத்தார். அந்தோணி அண்ணன் தன் டிரைவர் சீட்டு விரிப்பை மணலில் விரித்தார். "ஏம்பா, இந்தம்மாவுக்கும் ஒரு குண்டான் வெந்நி வைக்கணும் போலக்குதே" என்றார். யாரும் சிரிக்காததால் அவரே கொஞ்சம் சிரித்துக்கொண்டார்.

மல்லாந்து படுத்தேன். மேலே சவுக்கு இலைகள், ஊசி ஊசியாக. மீதி எல்லாவற்றையும் ஃபிலோ அக்கா தனியாகச் செய்தார். எல்லாக் குழாய்களிலும் காற்றை எடுத்தார், வெந்நீரிலும், பச்சைத் தண்ணீரிலும். ஹீட்டரைப் போட்டார். சூடானதும் உள்ளே போய்க் கையை நீட்டிக்கொண்டு நின்றார். வண்டிக்கு அடியிலிருந்து கழிவு ஹோஸ் வழியாகத் தண்ணீர் மணலில் விழுந்துகொண்டிருந்தது. ஹோஸ் எனக்குப் பக்கத்தில்தான் இருந்தது. ஒருமுறைகூட இடை விடவில்லை. மொத்த வெந்நீரும் தீர்ந்த பிறகு மூடினார். பிறகு மறுபடி நிரப்பி, மறுபடி சூடாக்கி, மறுபடி முழுவதையும் கையில் விட்டுப் பார்த்தார். அதுவரை அவர் இரண்டு தடவை பார்த்து நான் கண்டதில்லை.

மூன்றாவது முறை சூடாகும்போது மணி நாலரை. ஃபிலோ அக்கா ராஜேஸ்வரிக்கு முன்னால் போய் நின்றார்.

"ரெண்டு தடவ பாத்துட்டேங்க. பயமா இருந்தா நான் கதவுக்கு வெளிய நிக்கறேன்."

"கதவுகிட்ட யாரும் நிக்கக் கூடாது" என்றார் ராஜேஸ்வரி. "எல்லாரும் தள்ளிப் போங்க."

செல்வி அவரை உள்ளே உட்காரவைத்துவிட்டு வந்தார். துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்து, என் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தார். தண்ணீர் விழ ஆரம்பித்தது. இருவரும் ஹோஸையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது ஆறாவது நிமிடத்தையும் தாண்டியது. பதினொன்றையும் தாண்டியது. பதின்மூன்றில் நான் மூச்சை அடக்கினேன். தண்ணீர் ஒரே கம்பியாக விழுந்தது. கூடவே சோப்பு நுரை வந்தது.

செல்வி எழுந்து சத்தமாகக் கேட்டார். "அண்ணி, முதுகு தேய்க்கணுமா?"

"வேணாம்."

உட்கார்ந்தார். துண்டைத் தோளிலிருந்து எடுத்துப் பிரித்து, மறுபடி மடித்தார்.

"நான் ஊத்தறப்ப" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார், "இவ்ளோ நேரம் குளிச்சதே இல்லீங்க."

உள்ளே பாட்டு மாதிரி அந்த முணுமுணுப்பு மறுபடி கேட்டது. ஃபிலோ அக்கா வந்து என் தலைமாட்டில் நின்றார். ஈரமான முன்கை இரண்டும் சிவந்திருந்தன. டாக்டரிடம் போகலாம், ஜீப் வரச் சொல்லியிருக்கிறேன் என்றார். குனிந்து கையை நீட்டினார்.

அந்தக் கையைப் பிடித்து எழுந்தால் இனி எந்தக் கட்டிலுக்கு அடியிலும் என்னை விடமாட்டார் என்று தெரியும்.

"இன்னும் கொஞ்ச நேரம்க்கா" என்றேன். "தண்ணி நிக்கட்டும்."